ஓட்டமும் கண்ணோட்டமும்

'ஓடு' என்பது தமிழின் மிக எளிய வினைச்சொற்களுள் ஒன்று. நடை பழகிய குழந்தை அடுத்துக் கற்கும் சொல் அது. ஆயின் அச்சொல் ஈன்ற சொற்கள் பலவும் ஆழமுடையவை. நீர் ஓடினால் நீரோட்டம். குருதி ஓடினால் குருதியோட்டம். புதிய வண்டியைச் செலுத்திப் பார்த்தால் வெள்ளோட்டம். ஊர் கூடி வடம் பிடித்தால் தேரோட்டம். கண் ஓடினால் கண்ணோட்டம்.

இன்று நாம் 'கண்ணோட்டம்' என்னும் சொல்லை நோக்கு, கருத்துநிலை என்னும் பொருளிலேயே வழங்குகிறோம். தேர்வுத்தாளில்கூட 'பாரதியின் சமுதாயக் கண்ணோட்டம் யாது?' என்று வினவுகிறோம். வள்ளுவர் பொருட்பாலின் 58ஆம் அதிகாரத்திற்கு இச்சொல்லைத் தலைப்பாக்கியபோது கருதிய பொருள் வேறு. ஒருவர்மேல் நம் கண் செல்கிறது. சென்ற அளவில் நெஞ்சு இளகுகிறது. அவர்க்கு ஆவன செய்யாதிருக்க நம்மால் இயலாமற் போகிறது. அந்த இரக்கமே கண்ணோட்டம். அது அரசியலில் வைத்துப் பேசப்பட்டமை குறிப்பிடத்தக்கது. பலரைக் கூட்டி ஒரு செயலை நடத்துவோர் அனைவர்க்கும் வேண்டிய பண்பு அது என்பது இதனாற் பெறப்படும்.

இச்சொல்லாராய்ச்சி இங்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நம் நெல்லையில் ஆண்டுதோறும் நடைபெறும் ஊர் ஓட்டத்திற்கு ஓட்டக் குழுவினர் ஆயத்தமாகி வருகின்றனர். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் அமைக்க இசைந்துள்ளனர். அந்த ஆயத்தக் கூட்டத்தில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். ஓட்டத்திற்குக் கண்ணோட்டம் வேண்டுமா, வேண்டாவா என்பதே அவ்வினா. எவரும் அதை இச்சொற்களிற் கேட்கவில்லை. எனினும் வினா அதுவே.

விடியற்பொழுதின் தவம்

முதற்கண் குழுவினரின் உழைப்பைப் போற்றிவிட்டே மேற்செல்ல வேண்டும். வைகறைத் தொழுகை முடித்துப் பாளையங்கோட்டைத் தெருக்களில் நடந்து வருவோர் இவர்களைக் கண்டிருப்பர். வங்கி ஊழியர், மருத்துவர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வு பெற்ற ஆசிரியர் எனப் பலதிறத்தார் இருளிலேயே வ.உ.சி. மைதானத்தில் கூடுகின்றனர். முதல் மாதத்தில் சிறிது நடை, சிறிது ஓட்டம் என மாற்றி மாற்றிப் பழகுகின்றனர். வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டுகின்றனர். ஞாயிறன்று மட்டும் நீண்ட ஓட்டம், மறுநாள் ஓய்வு. தசையும் எலும்பும் வலுப்பெறுவது ஓடும்போதன்று, ஓய்வின்போதே என்பதை அவர்கள் நன்கறிந்துள்ளனர். அவசரப்பட்டுத் தொலைவைக் கூட்டுவோர் முழங்காலையும் குதிகால் நரம்பையும் நோகச் செய்துகொண்டு ஒதுங்கிவிடுகின்றனர். பொறுமையின் பாடத்தை வகுப்பறையில் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் கால்களால் கற்கின்றனர்.

பாதையை அளக்கும் முறை இன்னும் வியப்புக்குரியது. 10 கிலோமீட்டர் என்று அறிவித்துவிட்டு ஏறத்தாழ ஒரு தொலைவை வகுப்பதில்லை. மிதிவண்டியின் முன்சக்கரத்தில் ஓர் எண்ணியைப் பொருத்துகின்றனர். எஃகு நாடாவால் அளந்து குறித்த நேர்கோட்டில் அவ்வண்டியைப் பலமுறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எண்ணி எத்தனை எண் காட்டுகிறது என்று கணக்கிடுகின்றனர். வெயில் ஏறினால் சக்கரக் காற்று விரிந்து கணக்கு மாறுமாதலால் அளக்குமுன் ஒருமுறையும் அளந்தபின் ஒருமுறையும் சரிபார்க்கின்றனர். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுவோர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியையே அளக்கின்றனர். இவ்வளவுக்குப் பின்னும் பிழை நேர்ந்துவிடுமோ என்று அஞ்சி, ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டி வைக்கின்றனர். 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர் மிகை. பாதை ஒரு மீட்டர் குறைந்தாலும் முதலில் வருபவரின் நேரம் செல்லாததாகிவிடும் என்பதே இதன் காரணம்.

முதலில் வருபவருக்கு ஒரு மீட்டரும் குறையக் கூடாது என்னும் இந்த அக்கறை பாராட்டத்தக்கது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

கடைசியாக வந்தவர்

பாதை நம் ஊரின் வரலாற்றின்மீதே செல்கிறது. பாளையங்கோட்டையில் தொடங்கி, முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரத்தைக் கடந்து, வண்ணாரப்பேட்டை வழியாகக் கொக்கிரகுளம் வந்து, பொருநையாற்றின் பாலத்தில் ஏறுகிறது. 1843இல் திறக்கப்பெற்ற அப்பாலம் சுலோச்சன முதலியார் என்னும் பெருமகனார் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஊர்மக்களுக்கு ஆக்கித் தந்தது. அங்கிருந்து சந்திப்பை அடைந்து, வள்ளுவர் பெயர் தாங்கிய ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்டித் திரும்புகிறது. வந்த வழியே மீள வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் தண்ணீர்ப் பந்தல் வண்ணாரப்பேட்டையில், மீண்டு வருவோர்க்கு ஏழாம் கிலோமீட்டரில் அமைந்தது. ஓட்டம் காலை 5.30க்குத் தொடங்கியது. ஆறு மணியளவில் முதல்வர் மின்னலெனச் சென்றார். அடுத்த அரைமணி நேரம் மாணவர்களுக்குக் கை ஓயவில்லை. 6.40க்குமேல் சாலை வெறிச்சோடியது. பின்வரும் வண்டியும் கடந்துவிட்டது. 'இனி யாரும் வரமாட்டார்கள், மேசைகளை மடியுங்கள்' என்று மாணவர்களிடம் சொன்னவன் நான்தான். கேனில் எஞ்சியிருந்த நீரைச் சாலையோர மரத்திற்கு ஊற்றச் சொன்னவனும் நானே. மரத்திற்கு நீர் வார்க்கும் நல்லெண்ணத்தில் செய்ததாக என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன்னர் ஓர் அம்மையார் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். கறுப்புப் பர்தாவின்மேல் எண் அட்டையை ஊக்கால் குத்தியிருந்தார். காலில் மகனுடையது போலும் அளவு பெரிய கான்வாஸ் காலணி. ஓடவில்லை, ஆயினும் தளராமல் நடந்து வந்தார். மடித்த மேசைகளைப் பார்த்தார். மாணவன் ஒருவனிடம், "வாப்பா, கொஞ்சம் தண்ணி இருக்குமா?" என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் மரத்தடியைப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பையிலிருந்த புட்டியை எடுத்து, "குடிங்க மாமி" என்று நீட்டினாள். அவர் சாலையோரத்தில் அமர்ந்து மூன்று மிடறு குடித்தார். "அல்லாஹ் ஒனக்கு பரக்கத் செய்வான் புள்ள" என்று வாழ்த்திவிட்டு எழுந்து நடந்தார். எங்கள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பின்னர் அவரைப் பற்றிக் கேட்டறிந்தேன். மேலப்பாளையத்தைச் சேர்ந்தவர், முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுபவர். முறத்தை மடியில் வைத்து நாள் முழுதும் குனிந்தே அமர்ந்திருக்கும் தொழில் அது. சர்க்கரை நோய்க்கு மருத்துவர் நடக்கச் சொன்னார். தெருவில் நடக்கத் தயங்கி மூன்று மாதம் மொட்டை மாடியிலேயே சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். சுவரொட்டியில் 'அனைவரும் வருக' என்று கண்டு, பணம் கட்டிப் பெயர் பதிந்திருக்கிறார்.

அவர் மைதானத்தை அடைந்தபோது மணி 7.35. வரவேற்பு வளைவு இறக்கப்பட்டுவிட்டது. ஒலிபெருக்கி வண்டி போய்விட்டது. பதக்கங்கள் சாக்கில் கட்டப்பட்டுவிட்டன. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த தொழிலாளர் இருவர் மட்டும் வேலையை நிறுத்திக் கை தட்டினராம்.

இக்காலத்தில் எண் அட்டையின் பின்னே ஒரு மின்னணுச் சில்லு ஒட்டப்படுகிறது. முடிவுக்கோட்டில் விரிக்கப்பட்ட பாயைக் கடக்கும்போது நேரம் தானே பதிவாகும். அவர் வந்தபோது பாய் சுருட்டப்பட்டிருந்தது. ஆகவே முடிவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஓட்டத்தை முடிக்காதவருள் ஒருவராக அவர் எண்ணப்பட்டார். 10 கிலோமீட்டரையும், அந்த மிகையான 10 மீட்டரையும் சேர்த்து அவர் நடந்து முடித்தார் என்பதே உண்மை.

மறுப்போரின் நியாயம்

இவ்வாண்டு ஆயத்தக் கூட்டத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. ஓட்டத்திற்கு ஒன்றரை மணி நேரமே எல்லை. 7 மணிக்குமேல் பாதையில் இருப்போரை வண்டியில் ஏற்றிவிடுவது. பெண்களும் முதியோரும் விரும்பினால் 3 கிலோமீட்டர் நடையில் கலந்துகொள்வது.

முன்மொழிந்தோர் கல்நெஞ்சர் அல்லர். அவர்கள் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கனவும் அல்ல. காவல்துறை 7.30க்குமேல் சாலையை அடைக்க இசையாது. ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஊர்திகள் தடையின்றிச் செல்ல வேண்டும். ஞாயிறு காலை தேவாலயங்களுக்குச் செல்லும் அன்பர்களின் வழியை மறித்தல் முறையன்று. வெயில் ஏறினால் தளர்ந்தோர் மயங்கி விழக்கூடும். அப்பழி குழுவின்மேல் விழும். மூன்று மணிக்கே எழுந்து வந்த தொண்டர்களும் மனிதர்களே. இவை யாவும் மெய்.

எல்லையே கூடாது என்று நானும் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடைபெறும் 'காம்ரேட்ஸ்' ஓட்டம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுடையது. முதல் உலகப்போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1921இல் தொடங்கப்பெற்றது. அங்கு இக்காலத்து எல்லை 12 மணி நேரம். அந்நேரம் முடிந்ததும் ஒருவர் ஓடிவருவோர்க்கு முதுகு காட்டி நின்று துப்பாக்கியால் வெடி தீர்ப்பார். அதன்பின் ஓரடி தள்ளி வந்தாலும் பதக்கம் இல்லை. முதுகு காட்டி நிற்பதன் கருத்து, முகம் பார்த்தால் கை வராது என்பது போலும்! கண்ணோட்டத்தின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அங்கே கடைசி நிமிடம் வரை வளைவு நிற்கிறது, மக்கள் நிற்கின்றனர், கடைசியாக வந்தவரை முதல்வருக்கு நிகராக ஆரவாரித்து வரவேற்கின்றனர். எல்லை கடுமையானது, அந்த எல்லைக்குள் வருவோர் எவரும் கைவிடப்படுவதில்லை.

ஆகவே எல்லை உண்டா, இல்லையா என்பது வினாவன்று. எல்லையை யாரை நினைந்து வகுத்தோம் என்பதே வினா. கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம். நடந்து இதை எட்டுவது பயின்றோர்க்கே அரிது. மற்றவர்கள் இடையிடையே ஓடித்தான் ஆக வேண்டும். 'அனைவரும் வருக' என்று சுவரில் எழுதிவிட்டுக் கடிகாரத்தில் 'நடப்போர் வரற்க' என்று எழுதுவது எவ்வகையில் நேர்மை? விரைவாக ஓடுவோர்க்கு மட்டும் போட்டி நடத்துவது தவறன்று. அங்ஙனமாயின் அதற்கு ஊர் ஓட்டம் என்று பெயரிடலாகாது; ஊரார் அனைவரிடமும் பணம் பெறலும் ஆகாது.

பின்னே வந்த தலைவர்

இதற்கு நம் மரபில் வழிகாட்டல் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணக் கூட்டத்தை நடத்திச் செல்கையில் பின்தங்கி வருவது வழக்கம் என்று நபிமொழித் தொகுப்புகளிற் காண்கிறோம். தளர்ந்த ஒட்டகத்தை ஊக்கிச் செலுத்துவார்கள், நடக்க இயலாதவரைத் தம் பின்னே ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காக இறைஞ்சுவார்கள். தொழுகை நடத்தும் இமாமுக்கும் அவர்கள் கூறிய அறிவுரை அதுவே. பின்னே நிற்போருள் நலிந்தவர், முதியவர், அலுவலுடையவர் இருப்பர் என்பதை எண்ணி, அவர்களுள் மிக நலிந்தவரின் ஆற்றலுக்கேற்பத் தொழுவிக்க வேண்டும். தலைவன் என்பவன் முன்னே ஓடுபவன் என்று உலகம் கருதுகிறது. பின்னே நின்று, எவரும் விடுபடவில்லை என்று உறுதிசெய்பவனே தலைவன் என்பது அப்பெருமானார் காட்டிய நெறி.

நம் ஊர்த் தேரோட்டத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் ஓடுகையில் முன்வடம் பிடித்தவர் முதலில் நிலையத்தை அடைவதில்லை. தேர் நிலைக்கு வந்தால்தான் அனைவரும் வந்ததாகப் பொருள். ஓட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழன் தந்த பொருள்களுள் இதுவும் ஒன்று. சமயத்தால் வேறுபட்டாலும் இப்பொருளை அறிவதற்கு நமக்குத் தடையில்லை.

மூன்று கிலோமீட்டர் போதுமா?

பெண்களுக்கும் முதியோர்க்கும் 3 கிலோமீட்டர் நடை என்னும் ஏற்பாட்டில் அன்பு இருக்கிறது. விரும்புவோர்க்கு அது நன்று. 10 கிலோமீட்டருக்குப் பயின்றவரை 'உமக்கு அது போதும்' என்று திருப்பி விடுவதாயின், அன்பின் பெயரால் செய்யும் விலக்கு அது.

'நம் சமுதாயப் பெண்டிர்க்கு ஓட்டம் எதற்கு?' என்று என்னிடமே கேட்டவர் உண்டு. அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தம் இளமையில் நபிகள் நாயகத்துடன் (ஸல்) ஓட்டத்தில் போட்டியிட்டு வென்றார்கள். பின்னொரு காலத்தில் உடல் சற்றுக் கனத்தபோது மீண்டும் ஓடினார்கள். அம்முறை நபிகளார் வென்றார்கள். 'அதற்கு இது ஈடு' என்னும் கருத்துப்பட இனிதே கூறிச் சிரித்தார்கள் என்பது அன்னையாரே அறிவித்த செய்தி. உடல் கனத்த பின்னும் அன்னையார் ஓடினார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. தோற்ற ஓட்டத்தையும் மறைக்காமல் அவர்களே எடுத்துரைத்தார்கள் என்பது அதனினும் உயர்ந்தது. உடுப்பு அவரவர் விருப்பமும் நெறியும் ஆகட்டும்; ஓட்டம் அனைவர்க்கும் உரியது.

விலக்கியவர்களை வரலாறு பின்னர் எப்படிப் பார்க்கிறது என்பதற்கும் முன்னர்க் கூறிய காம்ரேட்ஸ் ஓட்டமே சான்று. 1923இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்னும் பெண்மணியின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் பதிவின்றியே ஓடி முடித்தார். பெண்களுக்கு அங்கு முறையான இடம் கிடைத்தது 1975இல்தான். 1935இல் ராபர்ட் ம்ட்சாலி என்னும் கறுப்பின வீரரும் பதிவேட்டில் இடமின்றியே முழுத் தொலைவையும் ஓடினார். அவர் மறைந்து நெடுங்காலம் சென்றபின், 2019இல் அவர் பெயரால் பதக்கம் வழங்கப்பெற்றது. பாதையில் இருந்தவரைப் பட்டியலில் ஏற்ற 84 ஆண்டுகள் தேவைப்பட்டன.

மேலப்பாளையத்து அம்மையாரின் வழக்கு அத்துணைப் பெரிதன்று என்பர் சிலர். நிறத்தின் பெயராலோ சட்டத்தாலோ அவரை எவரும் விலக்கவில்லை என்பது உண்மை. பாயைச் சீக்கிரம் சுருட்டிவிட்டோம், அவ்வளவே. ஆயினும் அவர் பெற்றது அவர்கள் பெற்றதையே ஒத்தது. நடந்தார், பதிவில்லை. கொடுமையால் விளைவது மட்டுமன்று, கவனக்குறைவால் விளைவதும் அநீதியே.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறி அமைவது எளிது. ஆகவே குழுவினர்முன் நான் வைத்த வேண்டுகோளை இங்கும் பதிவு செய்கிறேன்.

முதலாவது, எல்லை இரண்டரை மணி நேரம் ஆகட்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது உடல்நலமுள்ள ஒருவரின் மெதுவான நடை. அவ்விதம் நடப்பவரும் 8 மணிக்குள் வந்துவிடுவார். 7.30க்குப் போக்குவரத்தைத் திறந்துவிடலாம்; எஞ்சியோர் சாலையின் ஓரத்தில், தொண்டர் துணையுடன் வரட்டும். அதற்குள் அவர்கள் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைப் பக்கம் வந்துவிடுவராதலின் இது இயலாததன்று.

இரண்டாவது, கடைசியாக வருபவரோடு ஒருவர் இறுதிவரை நடந்து வரட்டும். வண்டியில் அமர்ந்து பின்தொடர்வது வேறு, தோளோடு தோளாக வருவது வேறு. அவர் கடக்கும்வரை எந்தத் தண்ணீர்ப் பந்தலும் பிரிக்கப்படக் கூடாது. மயக்கமோ நெஞ்சுநோவோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் சேர்ப்பதற்கும் அவரே தக்கவர். வெயிலைப் பற்றிய அச்சத்திற்கு விடை இதுவே.

மூன்றாவது, தளர்ந்து பின்வருவோர்க்கு நீரோடு சிறிது உப்பிட்ட மோரும் வைக்க வேண்டும். நெடுநேரம் வியர்ப்போர் வெறும் நீரையே மிகுதியாகக் குடித்தால் குருதியில் உப்பின் அளவு தாழ்ந்து தீங்கு நேரும் என்பது மருத்துவர் எச்சரிக்கை. நெல்லை வெயிலுக்கு நம் பாட்டிமார் அறிந்த மருந்து மோர்.

நான்காவது, பாயும் வளைவும் பதக்கமும் கடைசி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் பெயரும் ஒலிபெருக்கியில் ஒலிக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அரைமணி நேரம் கூடுதலாக நிற்கும் கால்கள் வேண்டும், அவ்வளவே.

குழுவினர் என் சொற்களைப் பொறுமையுடன் கேட்டனர். மூத்த உறுப்பினர் ஒருவர், "முதல் பத்துப் பேருக்குப் பரிசு கொடுக்கத்தான் புரவலர் பணம் தருகிறார், சார். கடைசி ஆளுக்கு யார் தருவார்?" என்றார். ஏளனமாக அன்று, உண்மையான வருத்தத்துடன் கேட்டார். எனக்கு அக்கணம் விடை தோன்றவில்லை. வீடு திரும்பும்போது பொருநைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். 180 ஆண்டுகளுக்கு முன் தம் பணத்தில் பாலம் கட்டியவர், முதலில் கடப்போர்க்கு மட்டும் என்று கட்டவில்லை. ஓடம் கிடைக்காமல் கரையில் தவித்து நின்றோரைக் கண்டே கட்டியிருக்க வேண்டும். அவர் கண் அவர்கள்மேல் ஓடியிருக்கிறது. அந்தப் பாலத்தின்மேல் ஓடும் நமக்கு அரைமணி நேரம் பெரிதா?

முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் தெரியும். முடிவு எதுவாயினும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு நான் ஒன்று பேசி வைத்துள்ளேன். இவ்வாண்டும் நம் பந்தல் வண்ணாரப்பேட்டையில்தான். கடைசி ஆள் கடந்து செல்லும்வரை ஒரு மேசையும் மடிக்கப்படாது; ஒரு துளி நீரும் கொட்டப்படாது. மரத்திற்கு அதன்பின் ஊற்றிக்கொள்ளலாம்.

அந்த அம்மையார் இவ்வாண்டும் பெயர் பதிந்திருப்பதாக அறிகிறேன். சென்ற ஆண்டு அவருக்கு நீர் அளித்த மாணவி இப்போது பட்டம் பெற்றுச் சென்றுவிட்டாள். ஆயினும் அன்று காலை வந்து, அவரோடு மைதானம்வரை நடப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியன் பாடம் நடத்துகிறான். மாணவர் சிலர் அதற்கு முன்பே அதைக் கற்று முடித்திருக்கின்றனர்.

முதலில் வருபவரை நாம் கைதட்டி வாழ்த்துவோம். அவர் அதற்குத் தகுதியுடையவர். அதன்பின் மணியைப் பாராமல் சாலையைப் பார்ப்போம். நம் கண் கடைசியாக வருபவர் வரையில் ஓடட்டும். அந்த ஓட்டம் முடிந்த பின்னரே ஊர் ஓட்டம் முடிந்ததாகும்.